84 புத்தகங்கள் படித்த சிறுமி ஏன் திரும்ப வரவில்லை?

கேள்வி: நான் ஒரு சிறிய பொது நூலகத்தில் நான்கு ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். பிள்ளைகளை நூலகத்துக்கு வரவழைக்க, இரண்டு ஆண்டுகளாக ஆறு வார விடுமுறையில் வாசிப்புப் போட்டி நடத்துகிறேன். அதிகப் புத்தகங்கள் படிப்பவருக்கு முதல் பரிசு. முதல் ஆண்டு 60 பேர் சேர்ந்தார்கள். இந்த ஆண்டு 23 பேர்தான். வென்ற பத்து வயதுச் சிறுமி 84 புத்தகங்கள் படித்தாள். பரிசு வாங்கிய நாளோடு சரி, அதன் பிறகு அவள் நூலகத்துப் பக்கமே வரவில்லை. கூடவே ஒரு கதைப்போட்டியும் வைத்தோம். வந்த 41 கதைகளில் பாதிக்கு மேல் பெரியவர்கள் எழுதிக் கொடுத்தவை, இணையத்திலிருந்து எடுத்தவை, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கியவை என்று படிக்கும்போதே தெரிந்தது. பரிசுத் தொகையை உயர்த்தினால் கூட்டம் வரும் என்கிறார்கள் எங்கள் வாசகர் வட்டத்தினர். எனக்கோ போட்டியே வேண்டாம் என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு நூலகர்

பதில்:

அன்புள்ள நூலகருக்கு,

போட்டியை நிறுத்தாதீர்கள். ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளும் நடத்திய விதத்தில் மூன்றாம் ஆண்டும் நடத்தாதீர்கள். பரிசுத் தொகையை உயர்த்தவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த 84. ஆறு வாரம் என்றால் 42 நாள். நாளுக்கு இரண்டு புத்தகம், ஒரு நாள்கூட விடுபடாமல். பத்து வயதில் எவ்வளவு பெரிய உழைப்பு! அந்த 84இல் எதைப் படித்துச் சிரித்தாள், எதை இரண்டாம் முறை புரட்டினாள், எதை மூடி வைத்துவிட நினைத்தும் கணக்குக்காக முடித்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்க வழியில்லை. நாம் அவளிடம் கேட்டது எண்ணிக்கையைத்தான். கேட்டதை அவள் குறைவில்லாமல் கொடுத்துவிட்டாள். கணக்கு முடிந்தது, அவளும் போய்விட்டாள். தவறு அவளிடம் இல்லை.

குழந்தைகள் பிரிவில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். சுவரில் பெரிய அட்டவணை மாட்டி, படித்து முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். மூன்றாம் வாரத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அலமாரி முன்னால் நின்றிருந்தான். புத்தகத்தின் பெயரை அவன் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தடிமனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெலிந்ததாக நான்கு பொறுக்கிக்கொண்டான். அதற்கு முந்தைய மாதம் இதே பையன் கடல் உயிரினங்கள் பற்றிய கனத்த புத்தகம் ஒன்றை மூன்று முறை புதுப்பித்து வைத்திருந்தவன். திமிங்கிலம் எப்படித் தூங்கும் என்று என்னிடம் வந்து விளக்கியவன். அவனுடைய விரல்களுக்கு அந்த அளவெடுக்கும் பழக்கத்தைக் கொடுத்தது என் அட்டவணை. அன்று மாலையே அதைக் கழற்றினேன். ஆனால் அவன் பழையபடி ஆவதற்கு நெடுநாள் பிடித்தது.

இது ஏன் நடக்கிறது என்பதை உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1973இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இது. வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு அதே சான்றிதழைச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத விளையாட்டு நேரத்தில் அதே பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசு உண்டு என்று கேட்டு வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுக்களும் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரமே பேனாவைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

இதிலிருந்து பரிசே நஞ்சு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஏற்கெனவே ஆசை இருந்த குழந்தைகளை. புத்தகத்தையே தொடாத ஒரு பிள்ளையை முதல் முறை வாசற்படி ஏற்ற ஒரு வண்ண அட்டையோ முத்திரையோ உதவத்தான் செய்யும். ஆனால் முன்கூட்டியே அறிவித்த பெரிய பரிசு, படிக்கிற பிள்ளையிடம் ‘இது பரிசுக்காகச் செய்கிற வேலை’ என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறது. உங்கள் வாசகர் வட்டத்தினர் சொல்வதுபோல் தொகையை உயர்த்தினால் கூட்டம் வரலாம். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றோரின் ஆசையும் சேர்ந்து வரும். 41 கதைகளில் பாதிக்கு மேல் பிள்ளைகள் தாமே எழுதாதவையாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் வாசிப்பு நிகழ்ச்சியை எப்படி அமைப்பது? விடுமுறை வாசிப்புத் திட்டங்கள் நேற்று வந்தவை அல்ல, 1890களிலேயே அமெரிக்க நூலகங்களில் தொடங்கிவிட்டன. எனக்குப் பிடித்த மாதிரி, பிரிட்டன் நூலகங்கள் 1999 முதல் நடத்திவரும் கோடை வாசிப்புச் சவால். அதன் வழக்கமான வடிவத்தில் விடுமுறைக்கு ஆறு புத்தகங்கள். எந்த ஆறு என்பது அவரவர் விருப்பம். ஆறை முடித்த எல்லோருக்கும் ஒரே அங்கீகாரம். 84 படித்தவரும் ஆறு படித்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முதலிடம் என்று ஒன்று இல்லாததால் தடிமன் பார்க்கும் தேவை இல்லை. மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கும் எட்டக்கூடிய தூரம் அது. வேகமாகப் படிக்கும் பிள்ளை ஏழாவதை எடுக்கும்போது, அதைத் தன் ஆசைக்காக மட்டுமே எடுக்கிறது.

இதோடு என் அனுபவத்திலிருந்து இரண்டு விதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பித் தரலாம். ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று உங்களிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அதுவும் கணக்கில் சேரும். ‘இதில் எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள், போரடிக்கிறது’ என்று எட்டு வயதுப் பெண் ஒருத்தி எனக்குச் சொன்னாள். அதைவிடக் கூர்மையான விமரிசனத்தை நான் அதிகம் கேட்டதில்லை. இரண்டாவது, படக்கதை, துணுக்குகள், விளையாட்டு வீரர்கள் பற்றிய நூல், தம்பிக்கு வாசித்துக் காட்டிய படப்புத்தகம் எல்லாமே வாசிப்புதான். எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்று அந்த ஆறு வாரமும் நாம் வாய் திறக்கக் கூடாது.

பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்று வட்டத்தினர் சொன்னால், கேடயத்துக்கு ஒதுக்கும் பணத்தை வேறு விதமாகச் செலவிடச் சொல்லுங்கள். முடித்த பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டுப் போட்டுக் குலுக்கி, வரும் நான்கைந்து பேர் உட்கார்ந்து, நூலகத்துக்கு அடுத்து வாங்க வேண்டிய குழந்தை நூல்களைத் தேர்ந்தெடுக்கட்டும். இதை முன்பே அறிவிக்காமல் கடைசி நாளில் சொல்லுங்கள். பதிப்பாளர்களின் பட்டியலையும் ஒரு பென்சிலையும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பணம் எவ்வளவு என்று சொல்லிவிட்டால் அவர்களே கூட்டிக் கழித்து, சண்டை போட்டு, சமாதானமாகி ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அந்தப் புத்தகங்கள் வந்து சேரும் நாளில் அவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். உள்ளட்டையில் ‘தேர்ந்தெடுத்தவர்’ என்று அந்தப் பிள்ளையின் முதல் பெயரை எழுதுங்கள்.

அடுத்து, பேசும் போட்டி. என்னிடம் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் இடம் உண்டு என்று யாராவது சொன்னால், ஜப்பானியர்கள் ‘பிப்லியோபேட்டில்’ என்று அழைக்கும் நூல் அறிமுகப் போட்டியைத்தான் சொல்வேன். 2007இல் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது, பிறகு அந்நாட்டுப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் பரவியது. விதிகள் மிக எளியவை. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு நூலோடு வருகிறார்கள். ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது, கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். எல்லோரும் பேசி முடித்ததும் கூட்டத்திலுள்ள அத்தனை பேரும் வாக்களிக்கிறார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: ‘இவற்றில் எந்த நூலைப் படிக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை வந்தது?’

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. யார் நன்றாகப் பேசினார்கள் என்பது அங்கே கேள்வி இல்லை. வெல்வது நூல், பேச்சாளர் அல்ல. தோற்ற பிள்ளைக்கும் தான் தோற்றதாகத் தோன்றாது, தன் நூல் இன்னும் சரியான ஆளைச் சந்திக்கவில்லை என்றுதான் தோன்றும். நான் இதை நடத்தியபோது திக்கித் திக்கிப் பேசும் பையன் ஒருவன், ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் மௌனமாகவே நின்றான். பிறகு புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தை உயர்த்திக் காட்டி, ‘இந்தப் பக்கத்துக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்’ என்றான். வாக்கு அந்த நூலுக்கே விழுந்தது. அன்று மாலை அதை இரவல் கேட்டு ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். என்னிடம் ஒரே பிரதிதான் இருந்தது. ஆகவே நிகழ்ச்சிக்கு முன்பே யார் எந்த நூலைக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, முடிந்தவரை கூடுதல் பிரதிகளுக்கு ஏற்பாடு செய்யுங்கள். கிளம்பிய ஆசை ஒரு மாதம் வரிசையில் காத்திருந்தால் ஆறிப்போகும்.

பேசக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் போட்டி வையுங்கள். ஜெர்மனியில் 1959 முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நாடு முழுவதும் இது நடக்கிறது. தனக்குப் பிடித்த நூலிலிருந்து மூன்று நிமிடம், அதற்கு முன் பார்த்தேயிராத ஒரு நூலிலிருந்து இரண்டு நிமிடம். தெரியாத பக்கத்தை முதல் முறை வாசிக்கும்போது ஒரு பிள்ளை எங்கே மூச்சு விடுகிறது, எந்தச் சொல்லில் தயங்கி மீள்கிறது என்று கேட்டாலே, அது எப்படிப்பட்ட வாசகர் என்று தெரிந்துவிடும். இதில் யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்பது உங்களுக்குக் கூடுதல் நிம்மதி.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். உங்களை அதிகம் வருத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

என்ன தலைப்பு கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ‘இயற்கையைக் காப்போம்’, ‘நட்பின் சிறப்பு’, ‘என் கனவு உலகம்’ போல ஒன்றாக இருந்திருந்தால், வந்த கதைகளைப் பற்றி வியக்க ஒன்றுமில்லை. இத்தகைய தலைப்புக்கு எழுத அந்தக் குழந்தை தேவையே இல்லை. யார் எழுதினாலும் அதே கட்டுரை வரும், கணினி எழுதினாலும் வரும். அந்தக் குழந்தையைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாத தலைப்பு வேண்டும். ‘உங்கள் வீட்டில் யாருமே தொடாத ஒரு பொருள்.’ ‘நீ சொல்லாமல் விட்ட ஒரு மன்னிப்பு.’ ‘உன் வீட்டுக் கதவு எழுப்பும் சத்தங்கள்.’ கதவு பற்றி எழுதச் சொன்னபோது ஒரு சிறுமி, அப்பா வரும்போது கதவு ஒரு விதமாகவும் அப்பா கோபமாக வரும்போது வேறு விதமாகவும் சத்தமிடும் என்று எழுதினாள். இதை எந்த இணையப் பக்கத்திலிருந்து எடுக்க முடியும்?

எழுதும் இடமும் நூலகமாகவே இருக்கட்டும். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், தாளும் பென்சிலும் நாம் தருகிறோம், தலைப்பு அந்த நேரத்தில்தான் தெரியும். பெற்றோர் வெளியே காத்திருக்கட்டும். முதல் வரைவையும் திருத்திய வரைவையும் சேர்த்தே வாங்குங்கள். அடித்து எழுதிய தாளில்தான் அந்தப் பிள்ளையின் கை தெரியும். கையெழுத்து வராத, எழுத்துகள் குழம்பும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தன்னார்வலர் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதட்டும். கதை சொல்லத் தெரிந்த பிள்ளையை எழுத்துப்பிழை வாசலிலேயே நிறுத்திவிடக் கூடாது.

ஏற்கெனவே வந்துவிட்ட அந்தக் கதைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பி ஒரு குழந்தையைக் குற்றவாளியாக்காதீர்கள். அவை தவறாகவும் சொல்லும். சொந்தமாக எழுதிய ஒரே ஒரு பிள்ளையைத் தவறாகச் சந்தேகித்தாலும் அது மறுபடி பேனா எடுக்காது. அதற்குப் பதில் அழைத்து மூன்று நிமிடம் பேசுங்கள். ‘இந்தக் கதையில் வரும் பாட்டி உனக்கு எப்படித் தோன்றினாள்? இன்னும் ஒரு பக்கம் எழுதினால் அவள் என்ன செய்வாள்?’ எழுதிய பிள்ளை உடனே சொல்லும், சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தாது. எழுதாத பிள்ளை தரையைப் பார்க்கும். அப்போது கண்டிக்க வேண்டாம். ‘இப்போது நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவு யோசிக்கலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பிள்ளைகளாவது அங்கேயே ஒரு கதையைத் தொடங்கிவிடும்.

நடுவர்களிடம் கொடுக்கும்போது பெயரையும் பள்ளியையும் மறைத்து எண் மட்டும் இடுங்கள். வயதுப் பிரிவுகளைக் குறுகலாக வையுங்கள். எட்டு வயதையும் பதின்மூன்று வயதையும் ஒரே பிரிவில் போட்டால் எட்டு வயதுக்கு அநியாயம். இவை நீங்கள் அறிந்தவையே, நீட்டவில்லை.

நீட்டிச் சொல்ல வேண்டியது வேறொன்று. உங்களுக்கு வந்த 41 கதைகளில் எத்தனைக்கு நூலகத்திலிருந்து பதில் போனது? மூன்று பரிசு, சில ஆறுதல் பரிசு போக மற்றவர்கள் எழுதியது எங்கே போனது? பெரும்பாலான போட்டிகளில் அவை ஒரு கோப்பில் கட்டப்பட்டு, அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகின்றன. ஒரு குழந்தை தன் மனதிலிருந்த ஒன்றை எழுதி நம்மிடம் கொடுத்தது. நாம் அதற்குச் சொன்ன பதில் மௌனம். பரிசு கிடைக்காதது குழந்தையை வருத்தும், ஆனால் முடக்காது. யாரும் படிக்கவில்லை என்ற எண்ணம்தான் முடக்கிப்போடும்.

ஒரு போட்டியில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைக் கிழித்து எழுதிக் கொடுத்திருந்தான். வடிகாலில் விழுந்துவிட்ட ஒரு பந்து தன் கதையைச் சொல்கிறது. பிழைகள் நிறைய, முடிவு இல்லை. பரிசு பெறும் கதை அல்ல. நான் ஒரு சிறு சீட்டில் எழுதி அனுப்பினேன்: ‘இருட்டில் தனியாகக் கிடந்த பந்து, மேலே நடப்பவர்களின் செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன். கடைசியில் அது யார் கைக்குக் கிடைத்தது?’ நான்கு நாள் கழித்து மேசை முன்னால் வந்து நின்றான். கையில் மடித்த தாள். ‘சார், நீங்கள் முழுவதும் படித்தீர்களா?’ என்றான். ஆமாம் என்றேன். ‘கடைசிப் பக்கமும்?’ அதையும் என்றேன். தாளை மேசையில் வைத்தான், மீதிக் கதை. வைத்துவிட்டுப் போகவில்லை. ‘இந்த மாதிரி பொருள்கள் பேசுகிற கதைப் புத்தகம் வேறு இருக்கிறதா, சார்?’ என்று கேட்டான்.

அந்தக் கேள்வியைத்தானே நாம் இத்தனை நிகழ்ச்சி நடத்தியும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்? அதை வரவழைத்தது இரண்டு வரிச் சீட்டு. நூலகத் துறையில் நாமெல்லோரும் படித்து வந்த இரங்கநாதனின் ஐந்து விதிகளில் மூன்றாவதை நினைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். 1931இல் அவர் அதை நூலகத்திலுள்ள நூல்களுக்காகச் சொன்னார். கணக்கு நோட்டில் கிழித்த நான்கு தாளுக்கும் அது பொருந்தும் என்றே நான் அன்றிலிருந்து நம்புகிறேன். எத்தனை கதை வந்தாலும் அத்தனைக்கும் இரண்டு வரி பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 41 சீட்டுகளை நீங்கள் ஒருவரே எழுத முடியாது. பரிசுத் தொகையைப் பற்றி யோசிக்கும் வாசகர் வட்டத்தினரிடம் ஆளுக்கு ஐந்து கதை கொடுங்கள். ‘நன்று’, ‘அருமை’ என்று எழுதக் கூடாது. கதையிலுள்ள ஒரு வரியைக் குறிப்பிட்டு, ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் பணம் கொடுப்பதைவிட இது பெரிய கொடை.

எழுதியதை நூலாக்குவதும் கடினம் அல்ல. ஒரு தாளை மூன்று முறை மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் வரும். நடுமடிப்பில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, மறுபடி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகிவிடும். பசை, ஊசி எதுவும் வேண்டாம். பிள்ளைகள் எழுதிப் படம் வரைந்து முடித்ததும் அதைக் கண்காட்சி மேசையில் வைக்காதீர்கள். நூல் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுங்கள். முகப்பில் நூலக முத்திரை, பின்னால் இரவல் தேதியைப் பதியும் தேதிச் சீட்டு. கதைப் புத்தகங்களின் வரிசையில், மற்ற ஆசிரியர்களுக்கு நடுவே அகரவரிசைப்படி செருகுங்கள். கணினியில் இரவல் பதிபவராக இருந்தாலும் தேதிச் சீட்டை ஒட்டுங்கள். கணினித் திரையைக் குழந்தை பார்க்க முடியாது.

நான் அப்படிச் செய்த ஆண்டில், ஒரு சிறுமி தினமும் பள்ளி விட்டதும் வருவாள். நேராக அலமாரிக்குப் போய்த் தன் புத்தகத்தை உருவி, கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். பன்னிரண்டு நாள் அந்தச் சீட்டு வெறுமையாக இருந்தது. பதின்மூன்றாம் நாள், நாளிதழ் மட்டுமே படிக்க வரும் முதியவர் ஒருவர் அதை எடுத்துப் போயிருந்தார். புத்தகம் திரும்பி வந்தபோது சீட்டில் நீல மையில் ஒரு தேதி இருந்தது. அவள் அந்தத் தேதியை விரலால் தடவிப் பார்த்தாள். மை உலர்ந்திருந்தது. பிறகு பக்கத்திலிருந்த இரண்டு புத்தகங்களையும் உருவி அவற்றின் தேதிச் சீட்டுகளைப் பார்த்தாள். தன் புத்தகமும் அவற்றைப் போல ஒன்றுதான் என்று அவள் அப்போது கண்டுகொண்டாள். அந்த இரண்டில் ஒன்றை இரவல் எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு எச்சரிக்கை. குழந்தை எழுதியதன் உரிமை குழந்தைக்கே. எழுதிய கணத்திலேயே அது பிறந்துவிடுகிறது, எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படைகளில் ஒன்று அது. ‘வரும் படைப்புகள் நூலகத்துக்கே சொந்தம்’ என்று நுழைவுப் படிவத்தில் அச்சிடாதீர்கள். அலமாரியில் வைக்கவோ தொகுப்பில் சேர்க்கவோ பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பெயரும் வயதும் போதும், முகவரியும் படமும் வேண்டாம். கதவைப் பற்றி எழுதிய அந்தச் சிறுமி தன் கதையை அலமாரியில் வைக்க வேண்டாம் என்றாள். நானும் வைக்கவில்லை. அப்படிப்பட்ட ஓர் எழுத்து கையில் கிடைத்தால், வீட்டில் அந்தப் பிள்ளை நலமாக இருக்கிறதா என்று விசாரிப்பதும் நம் பொறுப்பு.

எழுத்தில் நிலைத்துவிட்ட பிள்ளைகள் சிலர் தேறுவார்கள். அவர்களை வெளிப் போட்டிகளுக்கு அனுப்புங்கள். உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் ஆண்டுதோறும் நடத்தும் கடிதப் போட்டி, 9 முதல் 15 வயது வரை. கடிதம் என்பதால் எழுதும்போதே எதிரில் ஒருவர் இருக்கிறார், குழந்தைக்கு அது எளிது. காமன்வெல்த் நாடுகளின் பிள்ளைகளுக்கு 1883 முதல் நடந்துவரும் கட்டுரைப் போட்டியும் உண்டு. அனுப்புவதற்கு முன் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள், ஆனால் உங்கள் பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பெரும்பாலோர் கழன்றுகொள்வார்கள். குழந்தைகளோடு குழந்தையாகப் பாயில் உட்காரச் சொன்னால் வர மாட்டார்கள். வேலை கொடுத்தால் வருவார்கள். நூல் அறிமுகப் போட்டியில் நேரம் பார்ப்பது, சிறுவர் கதைகளுக்கு அந்த இரண்டு வரிப் பதில் எழுதுவது, தொகுப்பை வடிவமைப்பது எல்லாவற்றையும் அவர்களிடம் விடுங்கள். மற்றவர் கதைக்குக் கேள்வி எழுதிப் பழகியவர்கள் தம் கதையையும் அந்தக் கண்ணால் பார்க்கத் தொடங்குவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முயலாதீர்கள். நீங்கள் தனியாள். இந்த ஆண்டு ஒரு நூல் அறிமுகப் போட்டியும், வந்த கதைகளுக்கு விடுபட்டுப்போன பதில்களும் போதும். நிகழ்ச்சி முடியும்போது, அடுத்து எந்த நாள் எத்தனை மணிக்குக் கூடுகிறோம் என்று சொல்லிவிட்டே பிள்ளைகளை அனுப்புங்கள். நிகழ்ச்சிகளுக்கு நடுவே நான்கு மாதம் இடைவெளி விட்டால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மாதம் ஒரு சனிக்கிழமை, ஆறு பேர் வந்தாலும் நடத்துங்கள்.

கடைசியாக அந்தச் சிறுமி. அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவள் பெயரிட்டு, உறையில் போட்டு, அஞ்சலில் அனுப்புங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘நீ படித்த 84 புத்தகங்களின் பெயர்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் எது உனக்குப் பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று நான் கேட்கவே இல்லை. அது என் தவறு. நம் நூலகத்தில், நுழைந்ததும் இடது பக்கம், உன் உயரத்துக்கு ஒரு தட்டு காலியாக இருக்கிறது. உன் வயதுப் பிள்ளைகள் எடுத்துப் படிக்கும்படி அதில் உனக்குப் பிடித்த புத்தகங்களை நீ வைக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும். பரிசு கிடையாது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நான் இருப்பேன்.’

முதல் சனிக்கிழமை வராமல் போகலாம். தட்டை நிரப்பிவிடாமல் காலியாகவே வைத்திருங்கள். வந்தால் 84ஐப் பற்றிப் பேச வேண்டாம். தட்டைக் காட்டிவிட்டு, ஒரு நாற்காலியை அதன் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, உங்கள் மேசைக்குத் திரும்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நூலகர்